வெள்ளிநேழிக்குப் போனால் அணியறையில் தொடங்குங்கள்

வெள்ளிநேழிக்குப் போகிறேன் என்று பாலக்காட்டில் சொல்லிப் பாருங்கள். பாதிப் பேர் "அங்கே என்ன இருக்கு?" என்பார்கள். மீதிப் பேர் "களி உண்டோ?" என்று கேட்பார்கள். களி என்றால் கதகளி ஆட்டம். இந்த இரண்டாவது வகை ஆள் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். இந்த வாரம் எந்தக் கோயிலில் கதகளி, யார் வேஷம், யார் பாட்டு, யார் செண்டை என்று எல்லாம் அவர் விரல்நுனியில் இருக்கும். திரும்பிவரக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதையும் அவரே சொல்லிவிடுவார்.

ஊர், செர்ப்புளசேரிக்குப் பக்கம். ஒற்றப்பாலம் ஸ்டேஷனில் இறங்கி, செர்ப்புளசேரி பஸ்ஸைப் பிடித்து, அங்கிருந்து இன்னொரு பஸ்ஸிலோ ஆட்டோவிலோ போகலாம். கமுகும் ரப்பரும், நடுநடுவே வயலும். சைலன்ட் வேலிக் காட்டிலிருந்து இறங்கும் குந்திப்புழை இந்தப் பக்கமாக ஓடி, தூதப்புழையாகி, கடைசியில் பாரதப்புழையில் சேர்கிறது. கோட்டை, அருவி, வியூ பாயின்ட் எதுவும் கிடையாது. கேமராவோடு சுற்ற வருகிறவர் மத்தியானத்துக்குள் சலித்துவிடுவார். ஆனால் கதகளியின் கடந்த நூறு வருஷக் கதையை எழுத உட்கார்ந்தால், இந்த ஊரையும் இதைச் சுற்றிய சில கிலோமீட்டரையும் ஒதுக்கிவிட்டு யாராலும் எழுத முடியாது. கலாகிராமம் என்று இதைச் சொல்வது சும்மா இல்லை.

நான் கோவைக்காரன். என்னோடு வேலை பார்த்த ஒற்றப்பாலத்து நண்பர் களிப் பைத்தியம். அவர் இழுத்துக்கொண்டு போய்ப் பழக்கிவிட்டார். பல வருஷமாகிவிட்டது, இப்போது சீசன் வந்தால் அவரில்லாமலும் போகிறேன். முதல் தடவை அவர் எந்தப் பெரிய மனிதர் பிறந்த வீட்டையும் எனக்குக் காட்டவில்லை. நேராக ஒரு கோயிலின் சாப்பாட்டுக் கூடமான ஊட்டுப்புரையின் பின்பக்கம் கூட்டிப்போய், "செருப்பைக் கழற்று, பேசாமல் உட்கார், எதையும் மிதிக்காதே" என்றார். அதுதான் அணியறை, கதகளி நடிகர்கள் வேஷம் கட்டும் இடம். வெள்ளிநேழியைப் பார்க்க அதைவிட நல்ல வாசல் கிடையாது என்று இன்றைக்கும் நினைக்கிறேன். ஆகவே, போக நினைப்பவர்களுக்கு அதே வரிசையில் சொல்கிறேன்.

முதலில் காலம். ஆடி, ஆவணி மழையில் போனால் ஆட்டம் கிடைக்காது. கோயில் உற்சவங்கள் ஐப்பசி, கார்த்திகை வாக்கில் சூடு பிடித்து, சித்திரை தாண்டி, வைகாசி வாக்கில் இடவப்பாதி மழை வரும்வரை நடக்கும். மார்கழியிலிருந்து பங்குனி வரை தேதி பார்க்காமல் கிளம்பினாலும் அந்த வட்டாரத்தில் ஏதோ ஓரிடத்தில் களி இருக்கும். நோட்டீஸ்கள் பஸ் ஸ்டாண்டு டீக்கடைச் சுவரில் ஒட்டியிருக்கும். இப்போது வாட்ஸாப்பிலும் சுற்றுகின்றன. நோட்டீஸில் மூன்று விஷயத்தைப் பாருங்கள்: எந்தக் கதை, எத்தனை மணிக்குக் கேளிகொட்டு, யார் யார் வேஷம். கேளிகொட்டு என்பது சாயங்காலம் செண்டை, மத்தளம், இலத்தாளம் எல்லாம் சேர்ந்து "இன்றைக்கு இங்கே களி" என்று ஊருக்கு அறிவிக்கும் மேளம். மைக் வருவதற்கு முன்னால் அதுதான் விளம்பரம். அந்தச் சத்தம் கேட்கும் நேரத்துக்கு நீங்கள் அங்கே இருந்துவிட வேண்டும். ஏனென்றால் அணியறையில் வேலை அதற்கு முன்பே தொடங்கியிருக்கும்.

அணியறையில் என்ன நடக்கிறது? ஒரு குத்துவிளக்கு எரிகிறது. நடிகர் பாயில் சம்மணமிட்டு, கையில் சின்னக் கண்ணாடியைப் பிடித்து, தன் முகத்துக்குத் தானே முதல் கோடுகளைப் போட்டுக்கொள்கிறார். இதற்குத் தேப்பு என்று பெயர். மனயோலை என்கிற மஞ்சள் அரிதாரக் கல்லை எண்ணெய் விட்டு இழைத்து, நீலம் கலந்தால் அந்தப் பச்சை கிடைக்கிறது. பிறகு அவர் மல்லாந்து படுத்துவிடுகிறார். சுட்டிக்காரர் தலைமாட்டில் உட்கார்ந்து, அரிசிமாவும் சுண்ணாம்பும் குழைத்த கூழைத் தாடையோரமாகக் கோடு கோடாக வைத்து, அதன்மேல் வெட்டிய வெள்ளைத் தாளை நிறுத்துகிறார். மணிக்கணக்கில் ஆகும் வேலை. நடிகர்களில் பலர் அந்த நேரத்தில் தூங்கிவிடுவார்கள். குறட்டை விடும் பீமனை நான் பார்த்திருக்கிறேன். சுட்டிக்காரர் கை மட்டும் நடுங்கவே நடுங்காது.

கடைசியில் உடுத்துக்கெட்டு. இடுப்பைச் சுற்றி, கஞ்சி போட்டு மடித்த துணிகளை அடுக்கடுக்காகக் கட்டுகிறார்கள். ஒருவர் முன்னாலிருந்தும் ஒருவர் பின்னாலிருந்தும் கயிற்றை இழுக்க, நடிகர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கிரீடம் தலையில் ஏறுவதற்குச் சற்று முன்பு ஒரு காரியம் நடக்கும், கவனிக்காவிட்டால் தவறிவிடும். சுண்டைப்பூவின் அடியில் இருக்கும் பிஞ்சை உள்ளங்கையில் வைத்து, கறுத்துப்போய் மணியாகும்வரை விரலால் தேய்த்து, கீழ் இமைக்குள் ஒன்றை வைத்துக்கொள்கிறார். எரிச்சல் இல்லை என்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் கண்வெள்ளை முழுக்கச் சிவந்துவிடுகிறது. எதிரில் விளக்கு வெளிச்சம், பச்சை முகம், அதில் சிவந்த கண்: தூரத்தில் இருப்பவனுக்கும் கண்ணசைவு தெரிய வேண்டும் என்பதற்காக இவ்வளவு ஏற்பாடு.

அணியறையில் நடந்துகொள்ளும் முறையைச் சொல்லிவிடுகிறேன். மூத்தவர்களை "ஆசானே" என்று கூப்பிடுங்கள், தப்பே வராது. படம் எடுக்க வேண்டுமானால் கேட்டுவிட்டு எடுங்கள், ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். கிரீடத்தைத் தொட்டுப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். செல்ஃபிக்குக் கூப்பிடாதீர்கள், உடுத்துக்கெட்டுக் கட்டியவர் உங்கள் பக்கம் சாய்ந்து சிரிப்பது சுலபமில்லை. தமிழில் பேசலாம். பாலக்காட்டுப் பக்கம் தமிழ் புரியாதவர் அபூர்வம். மெதுவாகப் பேசினால் அவர்கள் மலையாளமும் நமக்குப் புரிந்துவிடும். வயதான ரசிகர் ஒருவர் என்னைப் பார்த்து முதலில் கேட்டது, "எவிடுன்னா?" கோவை என்றேன். "களி கண்டிட்டுண்டோ?" இல்லை என்றேன். "அப்போ கண்ணு பார்த்தா மதி. கை பின்னே மனசிலாவும்" என்றார். முதலில் கண்ணைப் பார், கைமுத்திரை பிறகு தானே விளங்கும். முதல்முறை போகிறவருக்கு இதைவிட உருப்படியான அறிவுரை எனக்குத் தெரியாது.

ஊரின் பெரிய பெயர்களை நான் கேட்டதெல்லாம் இப்படி அணியறை வாசலிலும், ஆட்டத்துக்கு நடுவே கட்டன்சாயா (பால் இல்லாத டீ) குடிக்கிற இடத்திலும்தான். புத்தகத்தில் படித்தால் பட்டியலாக நிற்கும் பெயர்கள் அங்கே சண்டையாக வரும். "ராமன்குட்டி ஆசானுடைய அனுமன் மாதிரி இனி வராது" என்று ஒருவர் ஆரம்பித்தால், "அது சரி, ஆனால் கீழ்ப்படத்தின் நாடகம் வேறு" என்று இன்னொருவர் எழுவார். இருவரும் சொல்வது ஒரே ஊர்க்காரர்களை.

கலாமண்டலம் ராமன்குட்டி நாயர் 1925-இல் வெள்ளிநேழியில் பிறந்தவர். ராவணன், பரசுராமன், அனுமன் என்று வீரியமான வேஷங்களில் பெயர் பெற்றவர். 2007-இல் பத்மபூஷண், 2013-இல் மறைவு. கீழ்ப்படம் குமாரன் நாயர் அவரைவிட மூத்தவர், 1916-இல் பிறந்தவர். நடுவில் சென்னைக்கு வந்து சினிமா உலகில் நடனம் கற்றுக்கொடுத்துப் பிழைத்தார். பிறகு திரும்பிப் போய் ஆசானாக உட்கார்ந்து ஒரு சீடர் வரிசையை உண்டாக்கினார். 2004-இல் பத்மஸ்ரீ. 2007-இல் காலமானார். இரண்டு பேருக்கும் குரு ஒருவர்தான்: பட்டிக்காந்தொடி ராவுண்ணி மேனோன். ஆனால் ஒருவர் ஆட்டத்தில் ஓர் அங்குலம் பிசகாத கட்டுப்பாடு, மற்றவரிடம் மேடையிலேயே புதிதாக யோசிக்கிற துணிச்சல். ஒரே பயிற்சியிலிருந்து இப்படி இரண்டு எதிரெதிர்க் கலைஞர்கள் வந்ததைத்தான் அந்த டீக்கடை வாதம் இன்னமும் தீர்க்க முடியாமல் இழுத்துக்கொண்டிருக்கிறது. நான் கீழ்ப்படம் கட்சி. ஆனால் இருவரையும் நான் நேரில் பார்த்ததில்லை, வீடியோவில் பார்த்து வந்த அபிப்பிராயம்தான்.

பட்டிக்காந்தொடியைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். இன்றைக்குப் பெரும்பாலான மேடைகளில் நாம் பார்க்கும் கதகளிக்குக் கல்லுவழிச் சிட்டை, அதாவது கல்லுவழி ஆட்டமுறை, என்று பெயர். கல்லுவழி இந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. முழங்கால் மடித்துத் தாழ நிற்கும் நிலை, கலாசங்கள் என்ற துள்ளல் ஆட்டத் துண்டுகளின் கணக்கு, ஒரு பதத்துக்கு (பாட்டுக்கு) இத்தனை அளவில்தான் ஆட வேண்டும் என்கிற வரையறை எல்லாம் இந்தச் சிட்டையின் குணம். அதை வாங்கி, இறுக்கி, இன்றைய வடிவுக்குக் கொண்டுவந்தவர் ராவுண்ணி மேனோன் (1880–1948). அவர் உடம்பை மட்டும் நம்பி நிற்கவில்லை. நடுவயதைத் தாண்டிய பிறகு கொடுங்ஙல்லூர் குஞ்ஞுண்ணித் தம்புரானிடம் போய், நாட்டிய சாஸ்திரத்தின் வழியில் முகபாவங்களைப் பாடம் கேட்டார். பேர்பெற்ற ஆசானாக இருந்துகொண்டே இன்னொருவர் முன்னால் மாணவனாக உட்கார்ந்த மனிதர். உறுதியான உடம்பின்மேல் பேசும் முகம் வந்து உட்கார்ந்தது அப்படித்தான்.

அவருக்கு இடமும் சோறும் கொடுத்த வீடுகளில் முக்கியமானது வெள்ளிநேழியின் ஒளப்பமண்ண மன. மன என்றால் நம்பூதிரிக் குடும்பத்தின் பெரிய வீடு. பெரிய நாலுகெட்டு (நடுமுற்றம் வைத்த வீடு), பத்தாயப்புரை (நெற்களஞ்சியம்), குளம், சுற்றிலும் மரங்கள். இப்போது அங்கே பணம் கட்டித் தங்கலாம், ஆனால் முன்கூட்டிப் பேசிவிட்டுத்தான் போக வேண்டும். சினிமா ஷூட்டிங் நடக்கும் பிரபலமான மனையைப் பார்க்க வேண்டுமென்றால் அது மனிச்சேரியில் இருக்கும் வரிக்காசேரி மன. அது வேறு ஊர், வேறு கூட்டம். ஒளப்பமண்ணவில் பார்க்க வேண்டியது தூணும் முற்றமும் அல்ல என்பது என் கட்சி. அங்கே ஒரு களியோகம், அதாவது ஆசானும் மாணவர்களும் பாட்டுக்காரர்களும் கொட்டுகாரர்களும் அணிகலன்களும் சேர்ந்த ஒரு முழு ஆட்டக்குழு, வீட்டுச் செலவில் நடந்தது. விடிவதற்கு வெகுநேரம் முன்பு விளக்கு வைத்துக் கண்பயிற்சி, மழைக்காலத்தில் எண்ணெய் தேய்த்துக் காலால் மிதித்துச் செய்யும் உழிச்சில், பிறகு சொல்லியாட்டம், அதாவது பாட்டோடு சேர்த்து ஆடிப் பழகுவது. பையன்கள் உருகி உருப்பெற்றது அங்கேதான்.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. கலை வளர்த்த வீடு என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் பாதிக் கதைதான். ஒரு களியோகத்துக்கு வருஷம் முழுக்கச் சோறு போட்ட நெல் குடியானவர்கள் அளந்த பாட்டநெல், அதாவது குத்தகை நெல். அந்த நெல்லை விளைவித்தவர்களில் பலர் களி நடந்த முற்றத்துக்குள் கால் வைக்க முடியாத காலமும் இருந்தது. கேரள நிலச்சீர்திருத்தம் 1970-இல் முழுமையாக நடைமுறைக்கு வந்தபோது பாட்டநெல் நின்றது, மனைகளின் ஆதரவும் அதோடு போயிற்று. நல்லவேளையாக, அதற்குள் மாற்று ஏற்பாடு ஒன்று வேரூன்றியிருந்தது. கவிஞர் வள்ளத்தோளும் முகுந்த ராஜாவும் 1930-இல் தொடங்கிய கேரள கலாமண்டலம், செறுதுருத்தியில் நிலைகொண்டு, மனைகளில் நடந்த பயிற்சியைப் பள்ளிக்கூடமாக மாற்றியது. பட்டிக்காந்தொடி அங்கே போய்ச் சொல்லிக்கொடுத்தார். கல்லுவழிச் சிட்டை கேரளத்தின் சிட்டையானது அந்த வழியில்தான்.

ஒளப்பமண்ண மனையிலிருந்து வந்தவர்களில் கதகளிக்கு வெளியேயும் பெயர் பெற்றவர்கள் உண்டு. ஓ.எம்.சி. நாராயணன் நம்பூதிரிப்பாடு ரிக்வேதத்துக்கு மலையாள உரை எழுதினார். அவர் மகள் லீலா நம்பூதிரிப்பாடு, சுமங்கலா என்ற பெயரில் கேரளக் குழந்தைகள் தலைமுறை தலைமுறையாகப் படித்த கதைகளை எழுதியவர். கலாமண்டலத்தில் வேலையும் பார்த்தார். 2021-இல் மறைந்தார். வீட்டுப் பெயராலேயே அறியப்பட்ட கவிஞர் ஒளப்பமண்ண (1923–2000), நம்பூதிரிக் குடும்பத்துப் பெண்ணொருத்தியின் துயரத்தை வைத்து 'நங்ஙேமக்குட்டி' என்ற காவியம் எழுதினார். தன் சமூகம் பெண்களை நடத்திய விதத்தை அந்த முற்றத்துக்குள் இருந்தே ஒருவர் எழுதியது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. அவரே பிறகு கலாமண்டலத்தின் தலைவராகவும் இருந்தார்.

நம் பக்கத்துச் சங்கீத ரசிகர்களுக்கு ஒரு செய்தி. செம்பை வைத்தியநாத பாகவதர் 1974 அக்டோபரில் ஒற்றப்பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிருஷ்ணன் கோயிலில் கடைசியாகப் பாடினார். கச்சேரி முடிந்து அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோதே உயிர் பிரிந்தது. அப்போது அவரோடு பேசிக்கொண்டிருந்த சிஷ்யர் ஒளப்பமண்ண வாசுதேவன் நம்பூதிரிப்பாடு.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். எங்கே உட்காருவது? முன்வரிசைக்குப் பக்கத்தில், ஸ்பீக்கரிலிருந்து தள்ளி. பின்னால் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தால் வேஷம் தெரியும், கண் தெரியாது. கண் தெரியாத கதகளி வெறும் கலர். ஒரு பெட்ஷீட், ஒரு சால்வை, பிளாஸ்கில் காபி, கொசுவுக்கு ஒரு களிம்பு. ஆண்கள் ஒரு வேட்டியும் வைத்துக்கொள்ளுங்கள், பல கோயில்களில் சட்டையைக் கழற்றினால்தான் உள்ளே விடுவார்கள். ஆட்டம் பெரும்பாலும் வெளி மைதானத்தில்தான் நடக்கும்.

கதையை முன்னாலேயே படித்துக்கொண்டு போங்கள். பாடல்கள் சமஸ்கிருதமும் மலையாளமும் கலந்தவை, அங்கே உட்கார்ந்து காதால் பிடிக்க முயன்றால் தலைதான் வலிக்கும். நமக்குச் சௌகரியம் என்னவென்றால் கதைகள் பெரும்பாலும் பாரதமும் ராமாயணமும்தான். முதல்முறைக்கு நான் சிபாரிசு செய்வது 'கல்யாணசௌகந்திகம்'. திரௌபதி கேட்ட பூவைத் தேடி பீமன் காட்டுக்குள் போகிறான், வழியில் கிழட்டுக் குரங்காகப் படுத்திருக்கும் அண்ணன் அனுமனைச் சந்திக்கிறான். பீமன் பச்சை வேஷம், அனுமன் வெள்ளைத்தாடி. ஆள் அடையாளத்தில் குழப்பமே வராது.

அதில் ஒரு கட்டம். காட்டில் பீமன் ஒரு யானையைப் பார்க்கிறான். பாட்டு நின்றுவிடுகிறது, இனி செண்டையும் மத்தளமும் மட்டும். நடிகர் இரண்டு கையையும் காதோரம் வைத்து லேசாக அசைக்கிறார், யானை தூங்கி வழிகிறது. இமை பாதி மூடுகிறது, திறக்கிறது, மறுபடி மூடுகிறது. சட்டென்று கை மாறி மலைப்பாம்பாகிறது. நாக்கு மெதுவாக வெளியே வருகிறது, காலைக் கவ்வுகிறது. உடனே அவரே மறுபடி யானை: முதலில் ஒன்றும் புரியாத முகம், பிறகு சந்தேகம், பிறகு காலை உதறிப் பார்ப்பது, உதற முடியாமல் பிளிறுவது. அந்தப் பிளிறலைக் கேட்டுச் சிங்கம் வருகிறது. அதுவும் அவரே. யானையின் மஸ்தகத்தில் பாய்ந்து அடிக்கிறது. மேடையில் ஒரே ஆள், இடத்தைவிட்டு நாலடிகூட நகரவில்லை. மூன்று மிருகமும் அதைப் பார்த்துத் திகைக்கிற பீமனும் தனித்தனியாகத் தெரிகிறார்கள். நல்ல செண்டைக்காரர் இருந்தால் யானையின் கனம் கோலின் சத்தத்திலேயே வந்துவிடும்.

அந்தக் கொட்டைப் பற்றிச் சொல்லும்போது கலாமண்டலம் கிருஷ்ணன்குட்டி பொதுவாள் (1924–1992) பெயர் வந்தே தீரும். அவரும் வெள்ளிநேழிக்காரர். தாளத்தை மட்டும் பிடித்துக்கொண்டு போகாமல், நடிகரின் முத்திரை ஒவ்வொன்றையும் பார்த்து அதற்கு ஏற்ப வாசிப்பது கதகளிச் செண்டையின் கலை. அதை உச்சத்துக்குக் கொண்டுபோனவர் என்று எல்லாக் கட்சிக்காரர்களும் ஒப்புக்கொள்வது அவரை மட்டும்தான். நடிகரைப் பார்த்துக் களைத்தால் செண்டைக்காரர் முகத்தைப் பாருங்கள், அவர் கண் எங்கே போகிறதோ அங்கேதான் விஷயம் நடக்கிறது. இன்னொரு சின்ன வழியும் உண்டு. பெண் பாத்திரம் ஆடும்போது செண்டை ஓய்ந்து இடைக்கா என்ற சின்ன மேளம் வந்துவிடும். தூக்கக் கலக்கத்தில் கண்ணை மூடியிருந்தாலும், இடைக்காவின் குழைவான சத்தம் கேட்டால் மேடையில் பெண் வேஷம் என்று தெரிந்துகொள்ளலாம்.

முழு இரவு ஆட்டம் இப்போது குறைந்துவருகிறது. மூன்று, நான்கு மணி நேர மாலைக் களிதான் பல இடங்களில். புதியவருக்கு அதுவே போதும். முழு இரவுக்கு உட்கார்வதானால் நடுவில் ஒரு தூக்கம் போடுவதில் வெட்கம் வேண்டாம், பக்கத்தில் படுத்திருக்கும் ஊர்க்காரரும் அதைத்தான் செய்கிறார். நல்ல இடம் வந்தால் எழுப்புங்கள் என்று சொல்லிவைத்தால் எழுப்புவார்.

மறுநாள் உடனே ஊருக்குக் கிளம்பிவிடாதீர்கள். கதகளிக் கோப்பு, அதாவது கிரீடமும் மார்பணியும் தோள்வளையும், செய்யும் ஆசாரிமார் இந்த ஊரில் இருக்கிறார்கள். முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போனால் வேலையைப் பார்க்க விடுவார்கள். கிரீடம் குமிழ் மரத்தில் ஆகிறது, கனமில்லாத மரம் என்பதால். முதலில் வட்டத்தட்டு, கூம்பு என்று தனித்தனியாகச் செதுக்கிக் காயவைத்து, பிறகு துளைபோட்டு, தகடு ஒட்டி, கண்ணாடிச் சில்லும் மணியும் பதிக்கிறார்கள். விளிம்புக்கு மயிலிறகின் தண்டு. பழைய கிரீடங்களில் பச்சையாக மின்னுவது பொன்வண்டின் சிறகு. நான் போனபோது ஓர் ஆசாரி பாதி முடிந்த கிரீடத்தை என் தலையில் வைத்துப் பார்த்துவிட்டு, இதோடு ஒரு ராத்திரி குதிக்க முடியுமா என்று கேட்டார். தலையைத் திருப்பினேன், அதற்கே கழுத்து பிடித்துக்கொண்டது. புதுக் கோப்புக்கு ஆர்டர் வருவது குறைவு, பழையதைச் சரிசெய்யும் வேலைதான் அதிகம் என்றார். சுற்றுலாக்காரருக்காக மேஜையில் வைக்கும் சின்னக் கிரீடங்களும் செய்கிறார்கள். வாங்குவதானால் அங்கேயே வாங்குங்கள். பேரம் பேசாதீர்கள் என்று சொல்லமாட்டேன், ஆனால் செதுக்கிய கையைப் பார்த்த பிறகு எனக்கு வாய் வரவில்லை.

பக்கத்திலேயே அடக்காபுத்தூர். ஆறன்முளைக் கண்ணாடி தெரிந்த அளவுக்கு அடக்காபுத்தூர்க் கண்ணாடி வெளியே தெரியாது. இதுவும் உலோகக் கண்ணாடிதான். செம்பும் வெள்ளீயமும் உருக்கி, மண் அச்சில் வார்த்து, பிறகு நாள்கணக்கில் கையால் தேய்த்து மெருகேற்றுகிறார்கள். சாதாரணக் கண்ணாடியில் பேனா முனையை வைத்தால் முனைக்கும் பிம்பத்துக்கும் நடுவே ஓர் இடைவெளி தெரியும், ரசம் பின்னால் பூசியிருப்பதால். இதில் இரண்டும் முனையோடு முனை முட்டி நிற்கும், பிரதிபலிப்பது மேல்பரப்பே என்பதால். விற்பவர் உலோகக் கண்ணாடி என்று சொன்னால் இப்படிச் சோதித்துப் பாருங்கள், கோபித்துக்கொள்ளமாட்டார்கள். விலை கூடுதல். விரல் பட்டால் மங்கும், அதனால் குழந்தைகள் இருக்கிற வீட்டில் யோசித்து வாங்குங்கள்.

பணம் பற்றியும் ஒரு வார்த்தை. கோயில் களிக்கு டிக்கெட் கிடையாது. அதனால் செலவு இல்லை என்று ஆகிவிடாது. நடிகர்கள், பொன்னானி (முதல் பாட்டுக்காரர்), சிங்கிடி (இரண்டாம் பாட்டுக்காரர்), செண்டை, மத்தளம், சுட்டி, அணியறை உதவியாளர்கள் என்று ஒரு களிக்குப் பின்னால் ஒரு பஸ் நிறைய ஆள் இருக்கிறார்கள். முன்பு மனைக்காரர் கொடுத்ததை இப்போது கோயில் கமிட்டியும் ரசிகர் சங்கங்களும் ரசீதுப் புத்தகத்தோடு வீடுவீடாகப் போய்ச் சேர்க்கிறார்கள். வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்திருப்பவரிடம் உங்களால் முடிந்ததைக் கொடுத்து ரசீது வாங்குங்கள். மறுவருஷம் நோட்டீஸ் அனுப்ப உங்கள் நம்பரையும் எழுதிக்கொள்வார், எனக்கு இப்போது நோட்டீஸ் வருவதெல்லாம் அந்த வழியில்தான்.

மழைக்காலத்தில்தான் லீவு கிடைக்கும் என்பவர்கள் செறுதுருத்திக்குப் போகலாம். ஷொர்ணூர் ஸ்டேஷனிலிருந்து பாரதப்புழைப் பாலத்தைத் தாண்டினால் வந்துவிடும். கலாமண்டலத்தில் காலை வகுப்புகளைப் பார்க்கப் பார்வையாளர்களை விடுகிறார்கள். வேஷமும் விளக்கும் இல்லாமல், வெறும் உடம்போடு பையன்கள் கண்ணை உருட்டிப் பழகுவதை அங்கே பார்க்கலாம். வகுப்பு இல்லாத நாட்களும் உண்டு, ஆகவே போன் செய்து கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.